டிகிரியும் கலோரியும்



ஆண்டுக்கு ஒரு முறை ஒரு விஞ்ஞானப் பொருளை, அத்துறையில் பயிற்சி பெறாதவரும் பின்தொடரத்தக்க தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் விதித்துச் சென்ற நிபந்தனை என்று அறிகிறேன். நட்சத்திரங்களைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேசியிருந்தால் சபையைக் கவர்வது எளிதாக இருந்திருக்கும். நானோ, பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அட்டவணையாக அச்சிடப்பெற்று, பரீட்சையில் அரை மதிப்பெண் குறைப்பதற்கென்றே ஏற்பட்டவை போல மாணவர்களால் கருதப்படும் அலகுகளைப் பேச எடுத்துக்கொண்டேன். அவற்றுள்ளும் உஷ்ணத்தின் அலகுகளைத் தேர்ந்ததற்குக் காரணம், உஷ்ணம் என்றால் என்ன என்று அந்தந்தக் காலத்து அறிஞர்கள் கொண்டிருந்த அபிப்பிராயம் முழுவதும் அவர்கள் வகுத்த அலகிலேயே பதிந்து கிடக்கிறது என்பதுதான்.

முழக்கோலைக் கொண்டு துணியை அளக்கிறோம். இரண்டு முழத்தோடு மூன்று முழத்தைச் சேர்த்தால் ஐந்து முழம் ஆகிறது. படிக்கல்லைக் கொண்டு அரிசியை நிறுக்கிறோம், அங்கும் அப்படியே. ஆனால் நாற்பது டிகிரிச் சூடுள்ள ஒரு குடம் வெந்நீரோடு நாற்பது டிகிரிச் சூடுள்ள மற்றொரு குடம் வெந்நீரைச் சேர்த்தால் எண்பது டிகிரிச் சூடுள்ள நீர் கிடைப்பதில்லை. இரண்டு குடமும் சேர்ந்து அதே நாற்பது டிகிரியில்தான் நிற்கின்றன. ஆகவே, நீளத்துக்கும் எடைக்கும் செய்ததுபோல, ஒரு துண்டை வெட்டி எடுத்து ‘இதுவே ஓர் அலகு, இதை எத்தனை முறை வைக்கலாம் என்று பார்’ என்று சொல்லிவிட உஷ்ணநிலையில் இடமில்லை. ஆயினும், ஒரு குடத்தைச் சுட வைப்பதற்குச் செலவான விறகைப் போல இரண்டு குடத்துக்கு இரண்டு மடங்கு விறகு செலவாகிறதே, அந்த விஷயத்தில் மட்டும் கூட்டல் கணக்கு ஒழுங்காக நடக்கிறது. கூட்டினால் கூடாத ஒன்றும் கூட்டினால் கூடுகிற ஒன்றுமாக இரண்டு பொருள்கள் ‘சூடு’ என்ற ஒரே அனுபவத்துக்குள் ஒளிந்திருக்கின்றன என்பதைக் கண்டுகொள்ளவே மனித குலத்துக்கு 18ஆம் நூற்றாண்டு வரை காலம் பிடித்தது. முன்னதை உஷ்ணநிலை என்றும் பின்னதை உஷ்ணம் என்றும் நான் இன்று குறிப்பிடுவேன்.

கையால் தொட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதன்று என்பதை யாவரும் அறிவோம். ஒரு கையை வெந்நீரிலும் மற்றொரு கையைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் அமிழ்த்தி வைத்திருந்து, பிறகு இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான நீரில் இட்டால், ஒரு கை அதைக் குளிர்ச்சி என்றும் மற்றது சூடு என்றும் சாதிக்கும். ஆனால் நம் சமையற்காரர்கள் இந்தக் கஷ்டத்தை எப்போதோ ஒருவாறு தாண்டிவிட்டார்கள். வெல்லப்பாகைக் காய்ச்சுபவர் ஒற்றைக் கம்பிப் பதம், இரட்டைக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று சில நிலைகளைக் குறித்து வைத்திருக்கிறாரே, அதைப் போன்ற பதங்களைத்தான் ஐரோப்பிய விஞ்ஞானிகளும் தேடினார்கள்: எவர் செய்தாலும், எங்கே செய்தாலும், என்றைக்குச் செய்தாலும் ஒரே மாதிரியாக வாய்க்கும் நிலைகள்.

தேடலின் தொடக்கம் இத்தாலியில். காற்று சூடேறினால் விரியும் என்பதைப் பயன்படுத்தி, குமிழோடு கூடிய கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கலிலியோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தார். அதில் சூடு ஏறுவதும் இறங்குவதும் தெரியுமே ஒழிய, எவ்வளவு என்பது தெரியாது. பாதுவா நகரத்து வைத்தியப் பேராசிரியரான சாந்தோரியோ அதன் மீது கோடுகளை இட்டு நோயாளிகளிடம் பிரயோகித்துப் பார்த்தார். வாய் திறந்த அந்தக் கருவி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் ஆடியபடியால், அது உஷ்ணமானியா காற்றழுத்தமானியா என்பதே சந்தேகமாயிற்று. பிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி பிரபு இரண்டாம் பெர்டினாண்டு சாராயத்தை அடைத்து வாயை மூடிய பிறகே சந்தேகம் தீர்ந்தது. நியூட்டனும் 1701-இல், தம் பெயரை வெளியிடாமல், ஆளி விதை எண்ணெய் நிரம்பிய உஷ்ணமானியைக் கொண்டு ஓர் அளவை வெளியிட்டார். உருகும் பனிக்கு 0, மனித உடற்சூட்டுக்கு 12. அது நிலைக்கவில்லை.

நிலைத்தது பாரன்ஹீட்டின் அளவு. இந்த மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், நம் காலத்தில் இவர் ஏளனத்துக்கே பெரிதும் ஆளாகிறார். டான்சிக் துறைமுகத்தில் 1686-இல் பிறந்து, விஷக் காளானை உண்டதால் தாயையும் தந்தையையும் ஒரே நாளில் இழந்து, வியாபாரம் பழகுவதற்காக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்ட இந்த இளைஞர், கணக்குப் புத்தகத்தை விட்டுக் கண்ணாடிக் குழாய்களில் மனத்தைப் பறிகொடுத்தார். அந்நாளில் இரண்டு உஷ்ணமானிகள் ஒரே அறையில் ஒரே எண்ணைக் காட்டுவது அதிசயம். 1714-இல் பாரன்ஹீட் தந்த இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதைக் கண்டு, ஹாலே நகரத்துத் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ப் அந்த ஆச்சரியத்தை ஒரு சஞ்சிகையில் எழுதினார் என்றால், அக்காலத்து நிலைமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பாரன்ஹீட் பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் கலந்த கலவையின் குளிர்ச்சிக்கு 0 என்றும், பனிக்கட்டியும் நீரும் மட்டும் கலந்ததற்கு 32 என்றும், ஆரோக்கியமான மனிதனின் வாயிலோ அக்குளிலோ வைத்தால் ஏறும் உயரத்துக்கு 96 என்றும் குறித்தார். இது என்ன விபரீதமான கணக்கு என்று இன்றைய மாணவர் சிரிக்கிறார். கோபன்ஹேகனில் ரோமர் என்ற வான சாஸ்திரி வைத்திருந்த அளவை 1708-இல் நேரில் கண்டு, அதன் பின்ன எண்கள் பிடிக்காமல் நான்கால் பெருக்கி, பிறகு சற்றே திருத்தியதால் வந்த எண்கள் இவை. திருத்தம் எதற்காக என்பதைக் குழாயைக் கையில் எடுத்தால்தான் உணர முடியும். 32-க்கும் 96-க்கும் இடையே உள்ளவை 64 பிரிவுகள். கவராயத்தைக் கொண்டு ஒரு தூரத்தைச் சரிபாதியாக்குவது எளிது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, ஆறு முறை செய்தால் 64 பிரிவுகளும் பிசகின்றி வந்துவிடும். கீழே 0 முதல் 32 வரை ஐந்து முறை. பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொன்னால், கண்ணாடியின் மீது கோடிடும் தொழிலாளிக்கு அது ஆறாத் தொல்லை. ஏட்டுக் கணக்குக்கு ஒவ்வாத எண்கள் கைத்தொழிலுக்கு ஒத்தவையாய் இருந்தன. பிற்காலத்தார் நீரின் கொதிநிலையை 212 என்று நிறுத்தி அளவைச் செப்பனிட்டபோது, உடற்சூடு 96-இலிருந்து சற்று மேலே நகர்ந்தது.

குழாயில் சாராயத்துக்குப் பதிலாகப் பாதரசத்தைச் செம்மையாகக் கையாண்டதும் பாரன்ஹீட்டின் பெருமையே. பாதரசம் கண்ணாடியில் ஒட்டாது. நீர் உறையும் நிலைக்கு வெகு கீழேயும், கொதிக்கும் நிலைக்கு வெகு மேலேயும் திரவமாகவே இருக்கும். அந்தத் திரவத்தின் மறுபக்கத்தைத் தமிழ்நாடு அறிந்துகொண்டது கொடைக்கானலில். அங்கே பெரும்பாலும் ஏற்றுமதிக்காக வைத்திய உஷ்ணமானிகளைச் செய்துவந்த தொழிற்சாலை, பாதரசம் கலந்த கழிவு வெளியேறியது அம்பலமானதைத் தொடர்ந்து 2001-இல் மூடப்பட்டது.

பாரன்ஹீட்டை நாம் விட்டுவிட்டோம் என்று சட்டம் சொல்கிறது, நாம் விடவில்லை. சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், ‘வெயில் சதமடித்தது’ என்றும், ‘இத்தனை ஊர்களில் 100 டிகிரியைத் தாண்டியது’ என்றும் நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த 100 பாரன்ஹீட்டின் நூறு, செல்சியஸில் 37.8. அதே இதழின் மற்றொரு பக்கத்தில் வானிலை எச்சரிக்கை செல்சியஸில் 40 டிகிரி என்று வருகிறது. 2003 மே மாத இறுதியில் சென்னையில் பதிவான 45 டிகிரி, பாரன்ஹீட்டில் 113. செல்சியஸில் நூறு வந்தால் ஊரே கொதித்துப்போகும் என்பதால் குழப்பம் பெரிதாக நேரவில்லை. இருந்தாலும் எண்ணை எழுதி அலகை எழுதாமல் விடும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

காய்ச்சலும் பாரன்ஹீட்டிலேயே ‘நூற்றிரண்டு’ அடிக்கிறது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. லைப்சிக் நகரத்து வைத்தியர் வுண்டர்லிஹ், ஏறக்குறைய 25,000 நோயாளிகளிடம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அளந்து, ஆரோக்கிய மனிதனின் சூடு 37 டிகிரி என்று 1868-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். 37 என்பது முழு எண்ணாகத் திரட்டிச் சொன்ன ஒரு சராசரி; அரை டிகிரி முன்பின் இருக்கலாம் என்பது அதற்குள் அடங்கிய செய்தி. அதை அப்படியே பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 என்று வந்தது. தசமப் புள்ளி ஒன்று முளைத்துவிட்டதனால், பத்தில் ஒரு டிகிரி வரை துல்லியமாக நிச்சயிக்கப்பட்ட உண்மை என்ற தோற்றம் அந்த எண்ணுக்கு வந்துவிட்டது. 99 காட்டினாலே கலவரப்படும் தாய்மார்கள், ஓர் எண்கணித மாற்றத்தின் பக்கவிளைவுக்குப் பயப்படுகிறார்கள்.

இனிச் செல்சியஸ். சுவீடன் தேசத்து உப்சாலாவில் வான சாஸ்திரப் பேராசிரியராக இருந்த அண்டர்ஸ் செல்சியஸ், 1742-இல் நீர் கொதிக்கும் நிலைக்கும் உறையும் நிலைக்கும் இடையே நூறு பிரிவுகளை வகுத்தார். ஆனால் கொதிநிலைக்கு 0 என்றும், உறைநிலைக்கு 100 என்றும் தலைகீழாக வைத்தார்! நூறு என்ற எண்ணைத் தேர்ந்தது அவருடைய பெருமை என்று நான் கருதவில்லை. பனி உருகும் நிலை ஊருக்கு ஊர் மாறாது என்பதையும், நீர் கொதிக்கும் நிலையோ காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதையும் பரிசோதித்து, இன்ன அழுத்தத்தில் கொதிக்கும் நீரே பிரமாணம் என்று நிபந்தனை விதித்தாரே, அதுதான் பெருமை. உதகமண்டலத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பிரத்தியட்சம்: கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் அமைந்த அவ்வூரில், நீர் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நாழிகை கூடுதலாகும். ‘கொதிநீர்’ என்று மட்டும் சொல்லி அளவு வகுத்திருந்தால், ஊட்டி டிகிரி வேறு, சென்னை டிகிரி வேறு என்றாகியிருக்கும். செல்சியஸ் 1744-இல் காசநோயால் மறைந்தார். அளவை நேராக நிமிர்த்தியவர்கள் லியோன் நகரத்துக் கிறிஸ்டினும், உப்சாலாவின் தாவர நூல் மேதை லின்னேயஸும். ‘சென்டிகிரேடு’ என்று நெடுங்காலம் வழங்கிய இந்த அளவுக்குச் செல்சியஸின் பெயரே உரியது என்று எடை அளவைப் பொதுமாநாடு 1948-இல் தீர்மானித்தது.

இரண்டு பதங்கள் நிலைத்துவிட்டன, நடுவே நூறு பாகம் இட்டாயிற்று, எல்லாம் முடிந்ததா? இல்லை. பாதரசமானி ஒன்றையும் சாராயமானி ஒன்றையும் எடுத்து, இரண்டிலும் உருகும் பனிக்கு 0, கொதிநீருக்கு 100 என்று குறித்து, இடையே நூறு சமபாகம் செய்து, ஒரே வெதுவெதுப்பான நீரில் இட்டுப் பாருங்கள். பாதரசம் 50 என்று காட்டும் இடத்தில் சாராயம் 44-ஐ ஒட்டித்தான் நிற்கும். எது மெய்? பாதரசம் சீராக விரிகிறது, சாராயம் சீராக விரிவதில்லை என்று சொல்லத் துணிகிறோம்; ஆனால் பாதரசம் சீராக விரிகிறது என்பதைச் சோதிக்க வேண்டுமானால், உஷ்ணநிலை சீராக ஏறுகிறது என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்; அதைத் தெரிந்துகொள்ள ஓர் உஷ்ணமானி வேண்டும். தன் தோளில் தானே ஏறி நிற்கச் சொல்வதற்கு ஒப்பான இந்தச் சங்கடத்தை, ஜெனீவா நகரத்து டெலுக்கும், பிற்பாடு பாரிசில் ரெஞோவும் பல்லாண்டு உழைத்தும் முற்றும் தீர்க்க முடியவில்லை. பல வாயுக்கள் ஏறக்குறைய ஒரே விதமாக விரிகின்றன என்பது மட்டும் ஓர் ஆறுதலாக இருந்தது.

இதற்கிடையில் ஸ்காட்லாந்தில் மற்றொரு வழி திறந்தது. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ரசாயனம் போதித்த ஜோசப் பிளாக், மாசி பங்குனியில் வெயில் வந்துவிட்ட பிறகும் மலைகளில் பனி வாரக்கணக்காக உருகாமல் கிடப்பதைக் கண்டு சிந்தித்தார். பனிக்கட்டி உருகும் நிலையை அடைந்த பிறகு, இன்னும் ஒரு சிறு சூடு சேர்ந்தால் போதும், முழுவதும் நீராகிவிடும் என்பது அன்றைய கொள்கை. அது மெய்யானால் குளிர் நாடுகளில் வசந்தம் பிறக்கும் ஒவ்வொரு முறையும் பிரளயமே வந்திருக்க வேண்டும்.

1761-இன் குளிர்காலத்தில் அவர் செய்த பரிசோதனை, செலவு இல்லாத பெரும் பரிசோதனைகளில் ஒன்று. ஒரே அளவான இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகளில் ஐந்து ஐந்து அவுன்ஸ் நீர் ஊற்றினார். ஒன்றை உறைய வைத்தார். மற்றொன்றைப் பாரன்ஹீட்டில் 33 டிகிரி வரை குளிர வைத்தார், அதாவது உறைவதற்கு ஒரு டிகிரி மீதி. 47 டிகிரி நிலவிய, காற்று அசையாத பெரிய கூடம் ஒன்றில் இரண்டையும் தொங்கவிட்டுக் காத்திருந்தார். நீர்க் குடுவை அரை மணி நேரத்தில் 33-இலிருந்து 40-க்கு ஏறிவிட்டது, ஏழு டிகிரி. பனிக் குடுவை உருகி 40-ஐ அடையப் பத்தரை மணி நேரமாயிற்று. பத்தரை மணியில் அரை மணிகள் 21. அரை மணிக்கு ஏழு டிகிரி பெறத்தக்க உஷ்ணம் அந்தக் கூடத்திலிருந்து இடைவிடாது நுழைந்துகொண்டிருந்தது என்றால், மொத்தம் 147. ஆனால் உஷ்ணமானியில் தெரிந்த ஏற்றம் 32-இலிருந்து 40 வரை எட்டு டிகிரிதான். மிச்சம் 139 டிகிரிக்கான உஷ்ணம் எங்கே போயிற்று? பனியை நீராக்குவதில் மறைந்தது. இன்றைய அளவுப்படி அந்த எண் ஏறத்தாழ 144. கடிகாரமும் உஷ்ணமானியும் மட்டும் கொண்டு, நூற்றுக்கு நான்கு பிசகுக்குள் பிளாக் வந்துவிட்டார்.

உள்ளுறை வெப்பம் என்று பாடநூல்கள் இதைச் சொல்லும். அதைக் கண்டதைக் காட்டிலும், அதனால் வெளிப்பட்ட பேதமே பெரிது என்பது என் அபிப்பிராயம். உஷ்ணம் ஏராளமாக உள்ளே போகிறது, உஷ்ணமானி அசையவில்லை. ஆகவே உஷ்ணமானி அளப்பது உஷ்ணத்தை அன்று. கூடாத பொருளுக்கும் கூடுகிற பொருளுக்கும் இடையே முதன்முதலாகக் கோடு கிழித்தவர் பிளாக்.

கூடுகிற பொருளுக்கு அலகு காண்பது அதன் பிறகு எளிதாயிற்று. பாரிசில் லவாய்சியரும் லாப்லாசும் 1782, 83-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்தின் நடுவே சூடான பொருளை வைத்து, உருகி வடியும் நீரை நிறுத்து, வெளிவந்த உஷ்ணம் இத்தனை என்று கணக்கிட்டார்கள். ஒரு கினிப் பன்றியையும் உள்ளே வைத்து, அது மூச்சு விட்டுக்கொண்டே எவ்வளவு பனியை உருக்குகிறது என்று பார்த்தார்கள். சுவாசம் என்பது மெல்ல நடக்கும் எரிதல் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. உஷ்ணத்துக்கு அலகு உருகிய பனியின் எடை.

அந்தப் பழைய அலகு அழிந்துபோனதாக எண்ணிவிட வேண்டாம். நம் வீடுகளின் சுவரில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘ஒரு டன் ஏசி’, ‘ஒன்றரை டன் ஏசி’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த டன் இயந்திரத்தின் எடை அல்ல. 2,000 பவுண்டு கொண்ட ஒரு டன் பனிக்கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்து முழுவதும் உருகினால் சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு உஷ்ணத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே 24 மணியில் அறையிலிருந்து வெளியேற்றும் திறமையே ஒரு டன். ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடேற்றும் உஷ்ணத்துக்குப் ‘பி.டி.யு.’ என்று இங்கிலாந்தில் பெயர், பவுண்டுக்கு 144 வீதம் 2,000 பவுண்டுக்கு 2,88,000, மணிக்கு 12,000. ஏசியின் பெட்டி மீது அச்சிட்டிருக்கும் 12,000, 18,000 என்ற எண்களின் பூர்வோத்தரம் இதுதான். பிளாக் கண்ட 139-ஐத் திருத்திய 144 அதற்குள் ஒளிந்திருப்பதைக் காணலாம். இயந்திரங்கள் வருவதற்கு முன், குளிர்ச்சி மெய்யாகவே டன் கணக்கில் கப்பலேறி வந்தது. பாஸ்டன் நகரத்து வர்த்தகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார்; சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கடற்கரையில் கட்டியதே ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்ததனால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம் அது.

கலோரி என்ற அலகு பாரிசில் 1820-களில் கிளெமான் என்ற பேராசிரியர் தம் விரிவுரைகளில் கொடுத்தது: ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தும் உஷ்ணம். பின்வந்தவர்கள் கிலோகிராமுக்குப் பதில் கிராம் என்று வைத்துக்கொண்டதனால், ஒரே பெயரில் ஆயிரம் மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு கலோரிகள் உலவத் தொடங்கின. உணவுப் பொட்டலங்களில் காணும் கலோரி பெரியது.

இந்தக் காலம் முழுவதும் உஷ்ணம் என்பது எடையற்ற ஒரு திரவம் என்றே பலர் நம்பினார்கள். பீரங்கிக் குழலைத் துளையிடும்போது வற்றாத உஷ்ணம் பிறப்பதை மியூனிக்கில் கண்ட ரம்போர்டு பிரபு, வற்றாதது வஸ்துவாக இருக்க முடியாது என்று 1798-இல் வாதித்தார். ஜாவாத் தீவுக்குச் சென்ற டச்சுக் கப்பலில் வைத்தியராய் இருந்த மையர் என்ற ஜெர்மானியர், மாலுமிகளுக்கு ரத்தம் வாங்கியபோது சிரை ரத்தம் வழக்கத்துக்கு மாறாகச் செக்கச்செவேல் என்று இருப்பதைக் கண்டு, உஷ்ண தேசத்தில் உடல் தன் சூட்டைக் காக்கக் குறைவாகவே எரித்தால் போதும் என்று ஊகித்து, உழைப்பும் உஷ்ணமும் ஒரே பொருளின் இரண்டு வேஷங்கள் என்ற கொள்கைக்கு வந்தார்.

கொள்கையை எண்ணாக்கியவர் ஜூல். மான்செஸ்டர் அருகே பீர் ஆலை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆலைத் தொழிலில் உஷ்ணமானி அன்றாடம் கையாளும் சாமான். கயிற்றில் கட்டிய எடைகள் கீழே இறங்க, அவற்றால் துடுப்புகள் சுழன்று பாத்திரத்து நீரைக் கடைந்தன. எடைகளைத் திரும்பத் திரும்ப உயர்த்தி இறக்கியும் நீரில் ஏறிய சூடு ஏறக்குறைய அரை டிகிரி பாரன்ஹீட். அதை டிகிரியின் நூற்றிலொரு பங்குக்கும் நுட்பமாக வாசித்து, 772 அடி உயரத்திலிருந்து ஒரு பவுண்டு எடை இறங்கும் உழைப்பு, ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி உயர்த்தும் என்று 1850-இல் முடிவு சொன்னார். இன்றைய எண் 778. ஆக்ஸ்போர்டில் 1847-இல் கூடிய அறிஞர் சபையில் அவர் பேச எழுந்தபோது, சுருக்கிக்கொள்ளும்படி தலைவர் கேட்டுக்கொண்டாராம். இருபத்து மூன்று வயது வில்லியம் தாம்சன் எழுந்து பேசியிராவிட்டால், யாரும் கவனியாமலே கலைந்திருப்பார்கள் என்று ஜூல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

உஷ்ணம் உழைப்பின் மற்றொரு வடிவம் என்றால் அதற்குத் தனி அலகு எதற்கு? இந்தக் கேள்வியின் நியாயம் உலகத்துக்குப் புரிய நூறாண்டு ஆயிற்று. நீரின் தன்மை உஷ்ணநிலைக்கு ஏற்ப மாறுவதனால், 15 டிகிரிக் கலோரி ஒன்று, ரசாயனக் கலோரி ஒன்று, நீராவி இயந்திரத்தார் கலோரி ஒன்று என்று மூன்று கலோரிகள், 4.1855, 4.184, 4.1868 ஜூல் என்ற அற்ப வித்தியாசங்களோடு புத்தகங்களில் குடியேறின. 1948-இன் பொதுமாநாடு உஷ்ணத்துக்கும் ஜூலே அலகு என்று அறிவித்தது. கலோரி இன்றும் சாகவில்லை. எடை குறைக்க விரும்புவோர் அதை வாழ வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலினால் வரும் சௌகரியத்தை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். மார்கழிக் காலையில் 20 லிட்டர் வாளி நீரை 25 டிகிரியிலிருந்து 40-க்கு உயர்த்தப் பெரிய கலோரிகள் 300 வேண்டும். ஜூலில் ஏறக்குறைய 12 லட்சத்து 56 ஆயிரம். மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே ஒரு வாளி வெந்நீருக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாளைக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவர், அதே கணக்கில், மின்சார யூனிட் இரண்டேகாலுக்குச் சற்று அதிகமாகச் செலவழித்து நாள் முழுவதும் நடமாடுகிறார். உணவும் வெந்நீரும் மின்சாரமும் ஒரே பேரேட்டில் பதிவாகின்றன. ஜூலுக்கு முன் இவை மூன்று வெவ்வேறு கடைகளின் கணக்கு.

கூடாத பொருளுக்கு, அதாவது உஷ்ணநிலைக்கு, திரும்புவோம். பாதரசமா, சாராயமா என்ற வழக்கைத் தீர்த்தவர் மேற்சொன்ன தாம்சனே. பின்னாளில் பிரபுப் பட்டம் பெற்றபோது, கிளாஸ்கோ சர்வகலாசாலை அருகே ஓடும் ஆற்றின் பெயரைச் சூடிக் கெல்வின் பிரபு ஆனவர். உஷ்ண இயந்திரம் எந்தப் பொருளால் ஓடினாலும், அதன் உச்ச லாபம் மேலும் கீழும் உள்ள இரண்டு உஷ்ணநிலைகளை மட்டுமே பொறுத்தது என்று பிரெஞ்சு எஞ்சினீயர் கார்னோ 1824-இல் நிறுவியிருந்தார். பொருளைப் பொறுத்ததன்று என்ற அந்த ஒரு வாக்கியத்தில், பொருளைப் பொறாத ஓர் அளவு அடங்கியிருப்பதைத் தாம்சன் 1848-இல் கண்டுகொண்டார். அந்த அளவில் பூஜ்யம் என்பது மனிதர் வைத்த பூஜ்யமன்று. அதற்குக் கீழே குளிர்ச்சி என்பதே கிடையாது. அது செல்சியஸ் பூஜ்யத்துக்கு 273 டிகிரி கீழே, துல்லியமாகச் சொன்னால் 273.15 டிகிரி கீழே, உள்ளது.

இதனால் சாதாரண மனிதருக்கு என்ன பயன் என்று கேட்பீர்களானால், ஒரு பொய்க் கணக்கிலிருந்து விடுதலை என்பேன். இரவில் 20 டிகிரியும் பகலில் 40 டிகிரியும் இருந்த நாளில், பகல் இரவைப் போல் இரண்டு மடங்கு சூடு என்று எழுதுபவர் உண்டு. செல்சியஸின் பூஜ்யம் நீர் உறையும் நிலையே தவிர உஷ்ணமின்மை அன்று; ஆகவே அதில் மடங்கு பேச இடமில்லை. கெல்வின் கணக்கில் 293-உம் 313-உம். பகல் இரவைவிட நூற்றுக்கு ஏழு பங்கே அதிகம்.

இந்த அளவின் அலகை நிர்ணயிக்க, 1954-இன் பொதுமாநாடு நீரின் மும்மைப் புள்ளியை எடுத்துக்கொண்டது. பனியும் நீரும் ஆவியும் ஒரே பாத்திரத்தில் சண்டையின்றி வாழும் ஒரே ஒரு நிலை அது, அதற்கு 273.16 கெல்வின் என்று பெயரிட்டார்கள். காற்றை நீக்கி மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் பனிக் கவசம் ஒன்றை உண்டாக்கி, நடுவில் உஷ்ணமானியை இறக்கும் அந்த முறை, ஆய்வுக்கூடங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. ஆனால் எந்த நீர்? கடலிலிருந்து காய்ச்சி எடுத்த நீருக்கும் மலைப்பனி உருகிய நீருக்கும் அணுக்களின் கலப்பு விகிதத்தில் சிறு பேதம் உண்டு. மும்மைப் புள்ளியும் அதற்கேற்ப மிகச் சிறிதளவு நகரும். மனிதர் உஷ்ணத்தை அளக்கத் தொடங்கியது முதல் விடாமல் பற்றியிருந்த நீர், கடைசியில் ஒரு பலவீனமாகத் தென்பட்டது.

2018 நவம்பரில் வெர்சேல்சில் கூடிய பொதுமாநாடு நீரைக் கைவிட்டது; தீர்மானம் 2019 மே 20 முதல் அமலுக்கு வந்தது. உஷ்ணநிலையையும் சக்தியையும் இணைக்கும் போல்ட்ஸ்மான் மாறிலி என்ற எண் இனிச் சரியாக 1.380649-ஐப் பத்தின் 23ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் ஜூல், ஒரு கெல்வினுக்கு, என்று விதித்து, அதிலிருந்து கெல்வினைப் பெற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. வியன்னாவில் போல்ட்ஸ்மானின் சமாதியில் செதுக்கிய சூத்திரத்தில் அந்த மாறிலி நிற்கிறது. எனினும் அதற்கு இடம் கொடுத்து எழுதியவர் ஜெர்மானிய விஞ்ஞானி பிளாங்க். ஆர்கான், ஹீலியம் போன்ற வாயுக்களை உலோகக் கோளத்துக்குள் அடைத்து, அதனுள் ஒலி செல்லும் வேகத்தை அளந்து, அந்த எண்ணின் கடைசி இலக்கங்களை இங்கிலாந்திலும் பிரான்சிலும் நிச்சயித்தார்கள். விளைவு என்னவென்றால், கூடாத பொருளாகிய உஷ்ணநிலை, கூடுகிற பொருளாகிய சக்தியின் அலகால் இப்போது வரையறுக்கப்படுகிறது. பிளாக் கிழித்த கோடு அழியவில்லை. கோட்டின் இரண்டு கரைகளுக்கும் பாலம் எழுந்திருக்கிறது.

இதனால் மருத்துவமனையிலோ வானிலை நிலையத்திலோ எந்தக் கருவியின் எண்ணும் மாறவில்லை. செல்சியஸ் அளவில் நூறு என்று வைத்த கொதிநிலைகூட, இன்றைய சர்வதேச அளவில் 99.97 டிகிரியை ஒட்டி நிற்கிறது. பத்தாயிரத்தில் மூன்று பங்கு குறைவு, யாருக்கும் நஷ்டமில்லை.

சபையில் இருக்கும் பௌதிக ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். நம் பள்ளிகளில் செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்றும் சூத்திரத்தை மாணவர் மனப்பாடம் செய்கிறார்கள்; உஷ்ணமும் உஷ்ணநிலையும் வேறு என்பதையோ ஒரு வாக்கியமாக எழுதி இரண்டு மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். பிளாக்கின் பரிசோதனைக்கு வேண்டியவை இரண்டு குடுவைகள், சிறிது பனிக்கட்டி, ஓர் உஷ்ணமானி, ஒரு கடிகாரம். நம் ஊர் வெப்பத்தில் பத்தரை மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம். முற்பகலில் தொங்கவிட்டால் பிற்பகல் வகுப்புக்குள் முடிந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மாணவர்களே படித்து எழுதட்டும். பனி இருக்கும் வரை எண் நகராமல் நிற்பதை அவர்களே காணட்டும். 144-க்கு எவ்வளவு அருகில் வந்தார்கள் என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும். வரும் கல்வியாண்டில் ஒரு வகுப்பிலாவது இதைச் செய்து பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.